கேட்டலும் கொடுத்தலும்

கல்வி என்பது கற்றலால் மட்டும் நிரம்புவதன்று, கேட்டலாலும் நிரம்புவது. திருவள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாது, கேள்விக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். எல்லாக் கலைகளுக்கும் கேள்வி துணையாகும். இசைக்கலைக்கோ கேள்வியே உயிராகும். ஒரு பாட்டின் சொற்களை ஏட்டில் எழுதிவிடலாம். சுரங்களையும் ஒருவாறு குறித்துவிடலாம். ஆயினும், ஒரு சுரத்திலிருந்து மற்றொரு சுரத்திற்குக் குரல் இழைந்து செல்லும் நயத்தைக் காது கொடுத்துக் கேட்டவரே அறிவர். இதனாலன்றோ நம் நாட்டு இசைவாணர், பாடமின்றிக் கேட்டே பெறும் அறிவினைக் 'கேள்வி ஞானம்' என்று சிறப்பித்துக் கூறுகின்றனர்!

கேட்பதோடு கலைஞனின் கடமை முடிந்துவிடுவதில்லை. தான் கேட்டு இன்புற்றதைத் தன்னையொத்த கலைஞர்க்கு எடுத்துரைத்தலும், அவர் கேட்டதைத் தான் கேட்டறிதலும் அவனுக்குரிய கடமைகளே. இறைத்த கிணறு ஊறும். இறையாத கிணறு நாறும் என்பது பழமொழி. கலையும் அத்தகையதே. நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டும் கொடுத்தும் தென்னாட்டு இசையை வளம்படுத்திய ஒரு குடும்பத்தின் வரலாறு இவ்வுண்மையை நன்கு விளக்கும்.

சோழவள நாட்டில் சிறந்து விளங்கும் தலங்களுள் திருவாரூரும் ஒன்று. கருநாடக இசையின் மும்மூர்த்திகள் எனப் போற்றப்படும் சியாமா சாஸ்திரிகள், தியாகராசர், முத்துசுவாமி தீட்சிதர் ஆகிய மூவரும் பிறந்த பெருமை அவ்வூருக்கு உரியது. முத்துசுவாமி தீட்சிதர் 1775-ஆம் ஆண்டில் பிறந்தார். அவருடைய தந்தையார் இராமசுவாமி தீட்சிதர். அம்சத்வனி இராகத்தை இசையுலகுக்கு அளித்தவர் அவரே என்பர். முத்துசுவாமிக்குச் சின்னசுவாமி, பாலுசுவாமி என்னும் தம்பியர் இருவர் இருந்தனர். தந்தையே குருவாக, வீடே கல்விச்சாலையாக மூவரும் வளர்ந்தனர்.

அந்நாளில் சென்னைக்கு அருகிலுள்ள மணலியில் முத்துக்கிருட்டிண முதலியார் என்னும் செல்வர் வாழ்ந்தார். அவர் இராமசுவாமி தீட்சிதரின் புலமையை அறிந்து, அவரைக் குடும்பத்துடன் மணலிக்கு அழைத்து வந்து ஆதரித்தார். அவருக்குப் பின் அவர் மைந்தர் வேங்கடகிருட்டிண முதலியார் அவ்வாதரவைத் தொடர்ந்து நல்கினார். மைந்தர் கிழக்கிந்தியக் கம்பெனியாரோடு தொடர்புடையவர்; ஆதலால் சென்னைக் கோட்டைக்குச் செல்லும் வாய்ப்பு அவருக்கு உண்டு. கோட்டையில் ஆங்கிலேயரின் பாண்டு வாத்தியக் குழுவினர் இசை முழக்குவது வழக்கம். முதலியார் அதனைத் தாம் மட்டும் கேட்டு மகிழ்ந்து வாளா இருந்தாரல்லர். 'இசையறிந்த இவர்களும் இதனைக் கேட்டல் வேண்டும்' என்று எண்ணித் தீட்சிதர் சகோதரர்களை உடன் அழைத்துச் சென்றார். அன்று அவர் செய்த அச்சிறு செயலால் விளைந்த பயன் பெரிது.

பாண்டு இசை அவ்விளைஞர்களின் செவிக்கு முற்றிலும் புதிது. நம் இசையில் ஒரு சுரம் அசைந்தும் குழைந்தும் அடுத்த சுரத்தைத் தழுவும். அவ்விசையிலோ சுரங்கள் பெரும்பாலும் படிக்கட்டுகளைப் போலத் தனித்தனியே நிற்கும். நம் இசையில் இராகத்தின் விரிவே தலைமை பெறும். அவ்விசையில் பல கருவிகள் வெவ்வேறு சுரங்களை ஒருங்கே ஒலித்து இயைபு காட்டும். பழைய மரபில் ஊறிய குடும்பத்தார் இதனை 'அயலார் ஓசை' என்று இகழ்ந்து ஒதுக்கியிருக்கலாம். அன்றித் தம் இசையைக் கைவிட்டு அதன் பின்னே சென்றிருக்கலாம். தீட்சிதர் சகோதரர்கள் இவ்விரண்டையும் செய்யவில்லை. நடுவுநிலை பிறழாத செவியோடு கேட்டனர். கேட்டவற்றுள் தம் கலைக்கு ஏற்றது யாதென ஆராய்ந்தனர்.

முத்துசுவாமி தீட்சிதரின் உள்ளத்தில் அவ்வெளிய மெட்டுகள் பதிந்தன. அவற்றுக்கு அவர் வடமொழியில் பக்திப் பாடல்கள் புனைந்தார். ஏறத்தாழ நாற்பது பாடல்கள் இவ்வகையில் தோன்றின. அவை 'நோட்டுசுர சாகித்தியங்கள்' எனப்படும். ஆங்கில நாட்டு மன்னரை வாழ்த்தும் பண்ணின் மெட்டும் அவற்றுள் ஒன்றாக இடம்பெற்று, இறைவியைப் போற்றும் துதியாக மாறிற்று. மேனாட்டாரின் அம்மெட்டுகள் நம் சங்கராபரண இராகத்தின் சுரங்களோடு ஒத்திருந்தமையால், அவற்றைத் தழுவிக்கொள்வது எளிதாயிற்று. இன்றும் இசை பயிலும் சிறுவர் சிறுமியர் அப்பாடல்களை விருப்புடன் பாடுகின்றனர்.

இளையவராகிய பாலுசுவாமியின் உள்ளத்தைக் கவர்ந்தது வயலின் என்னும் கருவி. பிடில் என்று மக்கள் வழங்குவதும் இதனையே. அதனைக் கற்கவேண்டும் என்னும் வேட்கை அவருக்கு எழுந்தது. முதலியார் ஐரோப்பியர் ஒருவரை ஆசிரியராக அமர்த்தினார். பாலுசுவாமி மூன்றாண்டுகள் அவரிடம் பயின்றார். நம் நாட்டு இளைஞர் ஒருவர் வேற்று நாட்டு ஆசிரியரின் முன் அமர்ந்து, வில்லைப் பிடிக்கும் முறையிலிருந்து தொடங்கிக் கற்றார். தம் இசையில் தேர்ச்சி பெற்ற பின்னரும் பிறிதோர் இசைக்கு மாணவராகும் பணிவு எல்லார்க்கும் எளிதில் வாய்ப்பதன்று.

கற்ற கருவியை அவர் கற்றவாறே வாசித்திருப்பின், அது கோட்டையின் மதிலைக் கடந்து வந்திராது. மேனாட்டார் நின்றோ நாற்காலியில் அமர்ந்தோ வயலினை மோவாய்க்கட்டையின் கீழ் வைத்து வாசிப்பர். நம் நாட்டிலோ கலைஞர் தரையில் அமர்ந்து, கருவியின் தலைப்பகுதியை வலக்காலின் மேல் ஊன்றிக்கொண்டு வாசிக்கும் முறை உருவாயிற்று. இதனால் கருவி அசையாது நிற்கும். இடக்கை தடையின்றித் தந்தியின் மேலும் கீழும் இழைந்து செல்லும். கமகங்களை வாசிப்பதற்கு இவ்விழைவு இன்றியமையாதது. தந்திகளைச் சுருதி கூட்டும் முறையும் மாறிற்று. பாடுவோரின் சுருதிக்கு இணங்க ஆதார சட்சமும் பஞ்சமமும் அமையுமாறு நான்கு தந்திகளும் கூட்டப்பெற்றன. வீணையின் தந்தியை மீட்டினால் எழும் நாதம் சிறிது நேரத்தில் தேய்ந்து மறையும். வயலினின் வில் தந்தியின் மேல் செல்லுமளவும் நாதம் நீண்டு ஒலிக்கும். மனிதக் குரலுக்கு நிழல்போலத் தொடரவல்ல துணை ஒன்று இவ்வாறு தென்னாட்டு இசைக்குக் கிடைத்தது.

பாலுசுவாமி இப்புதிய செல்வத்தைப் பூட்டி வைக்கவில்லை. தீட்சிதர் குடும்பத்தின் தொடர்பால் வயலினின் இனிமை பிற இசைவாணருக்கும் எட்டிற்று. முத்துசுவாமி தீட்சிதரிடம் இசை பயின்ற தஞ்சை நால்வருள் இளையவராகிய வடிவேலு வயலினில் பெரும்புலமை எய்தினார். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் அவர் திறனை வியந்து, 1834-ஆம் ஆண்டில் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசாக வழங்கினார். அன்று கோட்டைக்குள் அயலார் கையில் இருந்த கருவி, ஒரு தலைமுறைக்குள் அரசவையில் மதிப்புப் பெற்றது. இன்று வயலின் இல்லாத கருநாடக இசையரங்கைக் காண்பது அரிது.

மூத்தவர் கேட்டறிந்தது மேனாட்டு இசை மட்டுமன்று. சிதம்பரநாத யோகி என்னும் துறவியார் மணலிக்கு வந்தபோது முத்துசுவாமியைத் தம்முடன் காசிக்கு அழைத்துச் சென்றார். அங்கு வாழ்ந்த ஆண்டுகளில் அவர் வடநாட்டு இசையைக் கேட்டுப் பழகினார். அவ்விசையின் அமைதியும் நிதானமும் பிற்காலத்தில் அவர் இயற்றிய கீர்த்தனைகளில் கலந்தன. துவிசாவந்தி, யமுனாகலியாணி போன்ற இராகங்களில் அவர் அமைத்த பாடல்களில் வடக்கும் தெற்கும் கைகோத்து நிற்பதைக் காணலாம். கேட்டது வேறு நாட்டது. கொடுத்ததோ தம் நாட்டினர் அனைவருக்கும் உரியதாயிற்று.

பாலுசுவாமி பின்னர் எட்டயபுரம் அரசவையில் இசைப்புலவராக அமர்ந்தார். தம்பியைக் காண அங்குச் சென்ற முத்துசுவாமி தீட்சிதர், 1835-ஆம் ஆண்டில் அவ்வூரிலேயே இயற்கை எய்தினார். அவருடைய கீர்த்தனைகள் மாணவர் சிலரின் நாவிலும் குடும்பத்தாரின் ஏடுகளிலும் தங்கின. இங்கு ஓர் இடர் எழுந்தது. வாய்மொழியாக வரும் பாட்டு, கற்றவர் மறைந்தால் தானும் மறையும். ஏட்டில் இருப்பது கரையானுக்கு இரையாகும். பாடமறிந்தவர் அதனைத் தம் குடும்பச் சொத்தெனக் கருதி மறைத்து வைத்தால், பெரியோர் அரிதிற் சேர்த்த செல்வம் அவரோடு அழிந்துபோகும்.

அச்செல்வத்தின் காவலராக எட்டயபுரத்தில் வாழ்ந்தவர் சுப்பராம தீட்சிதர். அவர் 1839-ஆம் ஆண்டில் பிறந்தவர். பாலுசுவாமி தீட்சிதரின் மகள் வயிற்றுப் பேரர். அவராலேயே மகனாகவும் ஏற்கப்பெற்றவர். அக்காலத்தில் சென்னையில் சின்னசாமி முதலியார் என்னும் அறிஞர் இருந்தார். அவர் கிறித்தவ சமயத்தினர்; மேனாட்டு இசைமுறையை நன்கு கற்றவர். நம் நாட்டுக் கீர்த்தனைகள் அழியாமல் நிற்கவேண்டும். உலகத்து இசைவாணர் யாவரும் அவற்றை அறிதல் வேண்டும் என்பது அவர் வாழ்நாள் வேட்கை. பாடமறிந்தோரைத் தேடிச் சென்று பாடச்செய்து கேட்டு, மேனாட்டு இசைக்குறியில் அவற்றை எழுதி, 1893-ஆம் ஆண்டில் நூலாகவும் வெளியிட்டார். சுப்பராம தீட்சிதரிடமிருந்தும் பல பாடல்களைக் கேட்டு எழுதினார். இப்பணியில் அவர் கைப்பொருள் கரைந்தது, கண்ணொளியும் மங்கிற்று.

தம்மால் இனி இப்பணியை நிறைவேற்ற இயலாது என்று உணர்ந்த முதலியார், எட்டயபுரம் மன்னரிடம் சென்றார். தமக்கென ஒன்றும் வேண்டினாரல்லர். சுப்பராம தீட்சிதரிடமுள்ள இசைச்செல்வம் முழுவதும் அச்சேறி உலகுக்குப் பயன்படவேண்டும் என்பதே அவர் வேண்டுகோள். சுப்பராம தீட்சிதர் முதலில் தயங்கினார் என்பர். தலைமுறை தலைமுறையாகக் குடும்பத்தில் காத்த பொருளை ஊரார் கையில் கொடுப்பது எளிதன்று. எனினும், மன்னரின் விருப்பமும் முதலியாரின் தூய நோக்கமும் அவர் தயக்கத்தை வென்றன. அறுபதைக் கடந்த அம்முதியவர் எழுத அமர்ந்தார். இராகங்களின் இலக்கணம், சுரக்குறிப்பு, கமகங்களைக் காட்டும் தனிக்குறிகள், முத்துசுவாமி தீட்சிதரின் இருநூறுக்கு மேற்பட்ட கீர்த்தனைகள், பிற புலவர் பாடல்கள், இசைவாணர் வரலாறுகள் ஆகிய யாவும் அடங்கிய 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி' என்னும் பெருநூல், 1904-ஆம் ஆண்டில் எட்டயபுரத்தில் வெளியாயிற்று. தெலுங்கு எழுத்தில் வெளிவந்த அந்நூலைப் பின்னாளில் சென்னை மியூசிக் அகாதெமி தமிழ் எழுத்திலும் பல பகுதிகளாகப் பதிப்பித்தது.

நூல் வெளிவந்த இரண்டாம் ஆண்டில், 1906-இல், சுப்பராம தீட்சிதர் மறைந்தார். எட்டயபுரம் ஈன்ற கவிஞராகிய பாரதியார் அவர் பிரிவுக்கு இரங்கிப் பாடினார். தீட்சிதர் இன்னும் சில ஆண்டுகள் தயங்கியிருப்பின், எத்துணைப் பாடல்கள் அவருடன் மறைந்திருக்கும் என்று எண்ணும்போது நெஞ்சம் நடுங்குகின்றது.

இவ்வரலாற்றில் ஓர் அழகிய பொருத்தம் உண்டு. மணலி முதலியார் ஒருவர் தீட்சிதர் குடும்பத்தாரை மேனாட்டு இசையைக் கேட்கச் செய்தார். நூறாண்டு கழித்து, மேனாட்டு இசை கற்ற மற்றொரு முதலியார், அக்குடும்பத்தின் இசையை உலகம் கேட்கச் செய்தார். முன்னவர் செவிக்கு வழிகாட்டினார். பின்னவர் கைக்கு வழிகாட்டினார். கேட்டல் அங்கே விதையாயிற்று. கொடுத்தல் இங்கே விளைவாயிற்று.

இந்நாளில் இசையைக் கேட்பதற்குக் கோட்டைக்கோ காசிக்கோ செல்லவேண்டுவதில்லை. பல நாட்டு இசையும் கையடக்கமான கருவியில் வந்து சேர்கின்றது. ஆயினும், கேட்கத்தக்கது இன்னது என்று அன்போடு அழைத்துக் காட்டும் தோழரின் தேவை குறையவில்லை. இசை பயிலும் இருவர் சந்திக்கும்போது, 'நீ என்ன பாடினாய்?' என்று வினவுவதோடு, 'நீ என்ன கேட்டாய்?' என்றும் வினவுதல் நன்று. அவ்வினாவுக்கு விடையாக வரும் ஒரு பாட்டு, கேட்பவரின் வாழ்நாள் முழுமைக்கும் வழித்துணையாகலாம். பொருட்செல்வம் கொடுக்கக் குறையும். கேள்விச் செல்வமோ கொடுப்பவரிடத்தும் நின்று, பெறுபவரிடத்தும் வளரும்.

பயிற்சி

1. 'கேள்வி ஞானம்' என்பது யாது? இசைக்கு அது இன்றியமையாதது ஏன்?
2. வயலின் தென்னாட்டு இசைக்கு ஏற்றவாறு எம்முறையில் மாற்றப்பெற்றது?
3. சுப்பராம தீட்சிதரின் தயக்கத்துக்குக் காரணம் யாது? அத்தயக்கம் நீங்கியதால் விளைந்த நன்மை யாது?
4. நீ அண்மையில் கேட்டு மகிழ்ந்த பாட்டு ஒன்றைப் பற்றி, அதனைக் கேட்டிராத நண்பனுக்கு ஒரு கடிதம் வரைக.