வாக்கெடுப்புக்கு வராமலே போன பிரிவு

(படிப்பு வட்டத்துக்கான பாடம்)



புதிய அமைச்சர் ஒருவர் பதவியேற்றால் கண்டிக்கு வருவதை நாம் பல தடவை பார்த்திருக்கிறோம். தலதா மாளிகையில் வழிபடுவார். வாவிக் கரையிலுள்ள மல்வத்தை விகாரைக்கும் அஸ்கிரிய விகாரைக்கும் போய் மகாநாயக்க தேரர்களிடம் ஆசி பெறுவார். மற்ற இடங்களில் அரசியல்வாதிகள் ஆயரையும் குருக்களையும் மௌலவியையும் காணப் போகிறார்கள்.

இது வெறும் மரியாதைதானா? அல்லது சட்டமியற்றுவோரின் முடிவையும் மதத் தலைவர்களின் சொல் மாற்றுமா? உயிர், பிறப்பு, உடல் ஆகியவை பற்றிய சட்டங்களில் மாற்றியதுண்டு. அப்படி ஒன்றை இப்பாடத்தில் பார்ப்போம்.

1. நடந்தது என்ன?

நமது தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டு ஆங்கிலேயர் காலத்தில் வந்தது. அதன் 303ஆம் பிரிவின்படி கருக்கலைப்பு குற்றம். தாயின் உயிரைக் காப்பாற்ற நல்லெண்ணத்தோடு செய்தால் மட்டுமே விலக்கு. மற்றப்படி 3 ஆண்டு வரை சிறை. பிள்ளை வயிற்றில் அசையத் தொடங்கிய பின் செய்தால் 7 ஆண்டு வரை சிறை. தன் கருவைத் தானே கலைக்கும் பெண்ணும் குற்றவாளியே.

1995இல் நீதி அமைச்சராக இருந்த ஜீ.எல். பீரிஸ், தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தும் சட்டமூலத்தைப் பாராளுமன்றத்துக்குக் கொண்டுவந்தார். பாலியல் வன்முறையாலோ, நெருங்கிய இரத்த உறவினராலோ கருவுற்றாலும், கருவில் பாரதூரமான குறை இருந்தாலும் கருக்கலைப்பை அனுமதிக்கலாம் என்று அதில் ஒரு பிரிவு இருந்தது. மதத்தையும் ஒழுக்கத்தையும் காட்டி எதிர்ப்பு எழுந்தது. அந்தப் பிரிவு கைவிடப்பட்டது. மிகுதி 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறியது. நெருங்கிய உறவினர் செய்யும் பாலியல் கொடுமையைத் தனிக் குற்றமாக்கியதும் அதே சட்டம்தான். குற்றவாளிக்குத் தண்டனை வந்தது. அவனால் கருவுற்ற சிறுமியைப் பற்றிய வரி மட்டும் விடுபட்டது.

2017இல் பேச்சு மறுபடி எழுந்தது. நீதியரசர் புவனெக அலுவிகாரே தலைமையிலான குழு ஆராய்ந்து பரிந்துரை செய்தது. பாலியல் வன்முறை, உயிர் பிழைக்க முடியாத அளவு குறையுள்ள கரு ஆகிய இரு காரணங்களுக்காகச் சட்டத்தைத் தளர்த்த அரசாங்கம் முன்வந்தது. கத்தோலிக்க ஆயர் பேரவை பகிரங்கமாக எதிர்த்தது. வேறு மதத்தவர் சிலரும் எதிர்த்தார்கள். அரசாங்கம் பின்வாங்கியது. 1883ஆம் ஆண்டுப் பிரிவு இன்றும் அப்படியே இருக்கிறது.

2. நாம் கவனிக்க வேண்டியது

கருக்கலைப்பு சரியா பிழையா என்பதில் நம்மிடையே ஒரே கருத்து இல்லை. கரு உண்டான கணத்திலிருந்தே அது ஓர் உயிர், அதைக் கொல்ல எவருக்கும் உரிமையில்லை என்பது கத்தோலிக்க திருச்சபையின் போதனை. பௌத்தமும் உயிர்க்கொலையைத் தீவினை என்கிறது. மறுபக்கத்தில், வன்முறைக்கு ஆளான சிறுமியைப் பிள்ளையையும் சுமக்கச் சொல்வது இன்னொரு கொடுமை என்கிறார்கள் பலர். பணமுள்ளவருக்கு இரகசிய வழி கிடைக்கிறது. இல்லாதவர் ஆபத்தான கைகளில் சிக்கி உயிரையே இழப்பதும் நடக்கிறது. இரு பக்கத்திலும் உயிரைப் பற்றிய கவலையே இருக்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இரு முறையும் விடயம் வாக்கெடுப்புவரை வரவேயில்லை. யார் எப்படி வாக்களித்தார் என்று பாராளுமன்றப் பதிவேட்டில் பெயர் இல்லை. நமது உறுப்பினர் மனச்சாட்சிப்படி நடந்தாரா, வாக்கு வங்கிக்குப் பயந்து ஒதுங்கினாரா என்று நம்மால் கேட்கவும் முடியாது.

மதத் தலைவர் தமது போதனையை வெளிப்படையாகச் சொல்வதில் தவறில்லை. அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது. 10ஆம் உறுப்புரை எல்லோருக்கும் சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரம் தருகிறது. 2004இல் 9 பிக்குகள் தேர்தலில் வென்று பாராளுமன்றத்திலேயே அமர்ந்தார்கள். அவர்கள் வாக்களித்தது எல்லோருக்கும் தெரிந்தது. மூடிய கதவுக்குள் முடியும் காரியம்தான் சிக்கலானது.

3. இரு உதாரணங்கள்

மதத்தின் சொல் கதவைத் திறந்ததும் உண்டு. 1960களில் டாக்டர் ஹட்சன் சில்வா கண் தானத்தைத் தொடங்கியபோது, தானமே புண்ணியம் என்ற பௌத்த போதனை அதற்குக் கைகொடுத்தது. புறாவுக்காகத் தசையைக் கொடுத்த சிபிச் சக்கரவர்த்தியை நாம் அறிவோம். ஜாதகக் கதையில் சிவி மன்னர் தம் கண்களையே கொடுக்கிறார். இலங்கையர் கொடுத்த கண்கள் பல நாடுகளுக்குப் போயின. 1987இல் உடலுறுப்புத் தானத்துக்கென்று தனிச் சட்டமும் வந்தது.

கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழும் பிலிப்பைன்ஸில் குடும்பத் திட்டமிடல் சட்டமூலத்தை ஆயர்கள் பல ஆண்டுகள் எதிர்த்தார்கள். ஆயினும் 2012 டிசம்பரில் அது வாக்கெடுப்புக்கு வந்தது. கீழ்ச்சபையில் இரண்டாம் வாசிப்பில் ஒவ்வோர் உறுப்பினரும் பெயர் கூறி வாக்களித்தார். ஆதரவு 113, எதிர்ப்பு 104. வென்றவரும் தோற்றவரும் மக்கள் முன் நின்றார்கள்.

4. நமக்கு இதில் என்ன?

நாம் நீராலும் போராலும் மண்சரிவாலும் நிலத்தை விட்டு வந்தவர்கள். விக்டோரியா நீர்த்தேக்கத்தில் பழைய தெல்தெனிய நகரும் வயல்களும் மூழ்கின. அணை எங்கே வரும் என்று தீர்மானித்த மேசையில் அந்த வயலை உழுதவருக்கு நாற்காலி இருந்ததா? 303ஆம் பிரிவு பற்றிய பேச்சிலும் அப்படித்தான். வைத்தியர், சட்டத்தரணி, ஆயர், அமைச்சர் எல்லோரும் பேசினார்கள். பாதிக்கப்பட்ட பெண்ணின் குரல் எவ்வளவு தூரம் கேட்டது?

எண்ணாகமம் 27ஆம் அதிகாரத்தில் செலோப்பியாத்தின் ஐந்து புதல்வியர் வருகிறார்கள். அவர்களும் நிலமில்லாமல் வனாந்தரத்தில் அலைந்த மக்கள்தான். தந்தை இறந்தார், ஆண்பிள்ளை இல்லை, பெண்களுக்குப் பங்கில்லை என்றிருந்தது. அவர்கள் மோசேக்கும் தலைவர்களுக்கும் முன்னே நின்று, சபையார் எல்லோரும் கேட்க நியாயம் கேட்டார்கள். மோசே அவர்களுடைய வழக்கை இறைவனிடம் கொண்டுபோனார். புதிய சட்டம் பிறந்தது. பாதிக்கப்பட்டவரின் சொல்லைக் கேட்டு, அதைச் சட்டத்திடம் கொண்டுசேர்த்தவர் அந்த மதத் தலைவர்.

திருச்சபையின் பத்திரிகையில் எழுதும் நாம் நம்மையும் சேர்த்தே கேட்கிறோம். கருவின் உயிருக்காகக் குரல் கொடுத்த நாம், அந்தச் சிறுமியின் வீட்டு வாசலை மிதித்தோமா? பிள்ளை பிறந்தபின் பால்மாவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் துணை நின்றோமா? சட்டத்தைத் தடுக்க ஒரு அறிக்கை போதும். ஒரு பெண்ணைத் தாங்க ஊரே வேண்டும்.

5. செய்யக்கூடியவை

கண்டி மாவட்டம் 12 உறுப்பினரைத் தெரிவு செய்கிறது. முதலில், நம் வீட்டில் உள்ள எல்லோரின் பெயரும் வாக்காளர் இடாப்பில் இருக்கிறதா என்று கிராம அலுவலரிடம் பார்த்துக்கொள்வோம். இடம் மாறிய குடும்பங்களின் பெயர்தான் எளிதில் தவறிப்போகும். வாக்குக் கேட்டு வருபவரிடம் வீதியையும் கூரைத் தகரத்தையும் மட்டும் கேட்காமல், "இந்தச் சட்டம் மறுபடி வந்தால் உங்கள் வாக்கு என்ன? ஏன்?" என்றும் கேட்போம். நம் விகாரை, கோவில், பள்ளிவாசல், தேவாலயத் தலைவர்களிடமும் அதே பணிவோடு கேட்போம்: "பேசுவதற்கு முன் எங்கள் பெண்களிடம் கேட்டீர்களா?"

கலந்துரையாடலுக்கு

1. நமது ஊரில் மதத் தலைவரின் சொல்லால் நடந்த நல்ல காரியம் ஒன்றையும், நின்றுபோன காரியம் ஒன்றையும் சொல்லுங்கள்.

2. உறுப்பினர் ஒருவர் தம் மனச்சாட்சி, கட்சி, மதம், வாக்காளர் ஆகியோரில் யாருக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும்?

3. 303ஆம் பிரிவு பற்றி முதலில் பெண்கள் மட்டும் கூடிப் பேசட்டும். பிறகு அவர்கள் சொல்ல விரும்புவதை ஆண்கள் குறுக்கிடாமல் கேட்கட்டும்.