பட்டென்று அணையும் கணினி

கேள்வி: வீடியோ எடிட் செய்யும்போது என் டெஸ்க்டாப் பட்டென்று அணைந்துவிடுகிறது. மதர்போர்டு போய்விட்டது என்கிறார் கடைக்காரர். மாற்றிவிடலாமா?
– வாசகர், பென்ரித், சிட்னி

பதில்: அவசரப்படாதீர்கள். 2020 ஜனவரி 4 அன்று 48.9 டிகிரி வெயில் கண்ட ஊர் உங்களுடையது. முதல் சந்தேகம் சூட்டின் மேல்தான். பிராசசர் 100 டிகிரியை நெருங்கினால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் சூடு அடங்காவிட்டால், கருகாமல் தப்பிக்கக் கணினியையே அணைத்துவிடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பக்க மூடியைக் கழற்றுங்கள். ஃபேனுக்கு அடியில், ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே, தூசி கம்பளி போல அடைத்திருக்கக்கூடும். ஃபேன் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு காற்றடியுங்கள். தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால் புதிது தடவுங்கள்.

சூடு இல்லாமலும் அணைகிறதா? அடுத்த சந்தேகம் பவர் சப்ளை. நண்பரிடம் ஒன்றை இரவல் வாங்கி, அதன் சொந்த வயர்களோடு மாட்டிப் பாருங்கள். பழையதைத் திறந்து பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்று இருந்தால் பதற வேண்டாம். கணினி முறையாக மூடப்படவில்லை என்பதற்கு மேல் அது எதுவும் சொல்வதில்லை (நமக்கே தெரிந்ததுதானே!). இத்தனையும் பார்த்த பிறகு மதர்போர்டுக்குக் காசு கொடுங்கள்.