தாது வருடப் பஞ்சமும் சேலம் சமவெளியின் மீட்சியும்: ஈகை, ஒப்புரவு எனும் கருத்தாக்கங்களின் வழி ஓர் ஆய்வு

திறவுச்சொற்கள்: தாது வருடப் பஞ்சம், ஈகை, ஒப்புரவு, மணிமேகலை, நல்லதங்காள், சேலம், நாமக்கல்

முன்னுரை

பேரிடருக்கு ஆட்பட்ட மக்கள் உயிர் பிழைத்தல் ஒரு நிலை. மீண்டும் தம் காலில் நிற்றல் மற்றொரு நிலை. இவ்விரு நிலைகளிலும் வேண்டப்படும் அன்பு ஒரே தன்மையதன்று. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வருத்திய தாது வருடப் பஞ்சத்தைச் சான்றாகக் கொண்டு, தமிழ் அறமரபு சுட்டும் ஈகை, ஒப்புரவு என்னும் இரு கருத்தாக்கங்கள் இவ்வேறுபாட்டை எங்ஙனம் விளக்குகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பஞ்சத்தின் தாக்கம்

மழைவளத்தையும் கிணற்றுப் பாசனத்தையும் பெரிதும் நம்பியிருந்த சேலம் மாவட்டம் இப்பஞ்சத்தால் கடுமையாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளுள் ஒன்று. இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளும் அன்று இம்மாவட்டத்தில் அடங்கியிருந்தன. 1871 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 19 இலட்சத்து 67 ஆயிரமாக இருந்த மக்கள்தொகை, 1881 இல் ஏறத்தாழ 16 இலட்சமாகக் குறைந்தது. இக்குறைவில் இறப்பு, பிறப்பு வீதச் சரிவு, இடப்பெயர்வு ஆகிய மூன்றும் கலந்துள்ளன.

நிறுத்து அளந்த உதவி

1877 இன் தொடக்கத்தில் சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரணப் பணியாளரின் நாட்கூலியை ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் எனக் குறைத்தார். ஒரு பவுண்டு என்பது ஏறத்தாழ 450 கிராம். உழைக்கும் உடலுக்கு இவ்வளவு போதாது என மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் மறுத்துரைத்தார். சில மாதங்களில் கூலி உயர்த்தப்பட்டது. இவ்விவாதத்தில் பசித்தவர், உயிரை நிறுத்திவைக்கத் தேவையான குறைந்த அளவு கொண்டே மதிப்பிடப்பட்டார். அவர் நாளை என்ன செய்து வாழ்வார் என்னும் வினா அக்கூலிக் கணக்கிற்குப் புறம்பாகவே நின்றது.

ஈகையும் ஒப்புரவும்

திருக்குறள் ஒப்புரவறிதலை 22 ஆம் அதிகாரமாகவும் ஈகையை 23 ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து வைக்கிறது. ஈகை அதிகாரத்தில் பிறர் பசி தீர்த்தல் முதன்மை பெறுகிறது. ஒப்புரவு அதிகாரத்தின் உவமைகளோ ஊருணி, ஊர்நடுவே பழுத்த மரம், மருந்து மரம் ஆகியன. இவற்றை நாடி வருவோர் இரந்து நிற்பதில்லை. ஊரார் என்னும் உரிமையோடு பயன்கொள்கின்றனர். வளம் குன்றிய காலத்தும் ஒப்புரவில் தளராமையை அவ்வதிகாரம் வலியுறுத்துவது பஞ்சச் சூழலுக்கு நேரே பொருந்துவதாகும்.

மணிமேகலை இவ்விரண்டையும் இணைக்கிறது. அமுதசுரபி பசியைத் தீர்க்கிறது, சிறைக்கோட்டம் அறக்கோட்டமாகிறது. உணவு கிடைப்பதோடு, உணவு பெறும் இடத்தின் இயல்பும் மாறவேண்டும் என்பதை இக்காப்பியம் உணர்த்துகிறது.

இதன் மறுதலையாக அமைவது நல்லதங்காள் கதை. பஞ்சத்தால் ஏழு குழந்தைகளுடன் தாய்வீடு வந்தவளுக்கு அண்ணி ஓட்டைப் பானையும் எரியாத பச்சை விறகும் தருகிறாள். இங்குக் கொடுத்தல் நிகழ்கிறது. ஆயினும் அது அவமதிப்பின் வடிவமாகிறது. நல்லதங்காளைக் கிணற்றுக்குச் செலுத்துவது பசி மட்டுமன்று. உறவினள் என்னும் நிலை பறிக்கப்பட்டதுமாகும். ஈகையின் புறவடிவம் இருந்தும் ஒப்புரவு இன்மையே இக்கதையின் துயரம் எனலாம்.

மீட்சிக்கு உதவிய கொடை

1877 ஆகஸ்டில் இலண்டன் மாநகரத் தலைவர் நிதி திரட்டத் தொடங்கினார். வில்லியம் டிக்பி செயலாளராக இருந்த சென்னைக் குழு, உள்ளூர்க் குழுக்கள் வாயிலாக அந்நிதியைப் பகிர்ந்தளித்தது. மழை திரும்பிய காலத்தில் விதைத் தானியம், உழவு மாடு, கூரை வேய்தல் முதலியவற்றிற்கு அதில் பெரும்பகுதி செலவிடப்பட்டது. கஞ்சி பெற்றவர் அன்றைய பசியாறினார்; விதை பெற்றவரோ மீண்டும் விளைவிப்பவராகவும், நாளை பிறர்க்கு அளிக்கக்கூடியவராகவும் ஏற்கப்பட்டார். தமிழ் மரபின் சொல்லில் இதனை ஒப்புரவு எனக் கொள்ளலாம். 1891 இல் மாவட்ட மக்கள்தொகை மீண்டும் 19 இலட்சத்தைக் கடந்தது. இம்மீட்சியைக் கொடையின் பயனாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. பருவமழையும் மக்களின் உழைப்புமே அதன் அடிப்படை. கொடை அவ்வுழைப்பிற்குக் கருவி தந்தது.

இன்றைய பொருத்தப்பாடு

இவ்வேறுபாடு இன்றும் பொருளுடையது. 2018, 2022 ஆம் ஆண்டுகளில் மேட்டூர் அணையின் உபரிநீர் பெருகியபோது, பள்ளிபாளையம், குமாரபாளையம் காவிரிக் கரைக் குடியிருப்புகளில் வெள்ளம் புகுந்தது. முகாமில் வழங்கும் உணவு அன்றைய இரவிற்கு இன்றியமையாதது. எனினும் விசைத்தறிக் கூலியை நம்பி வாழும் குடும்பத்தின் மீட்சி, தறி மீண்டும் ஓடும் நாளிலேயே தொடங்குகிறது.

முடிவுரை

பேரிடர்க் கால அன்பை வழங்கிய பொருளின் அளவால் மட்டும் மதிப்பிடல் நிறைவுடையதாகாது. பெற்றவர் ஊராருள் ஒருவராக மீண்டும் நிற்க அது இடந்தந்ததா என்பதே ஒப்புரவு முன்வைக்கும் அளவுகோல். ஈகை இன்றி உயிர் நில்லாது. ஒப்புரவு இன்றி வாழ்வு மீளாது. பஞ்சக் கும்மிகளையும் சேலம், நாமக்கல் வட்டார வாய்மொழி வழக்குகளையும் இவ்வளவுகோல் கொண்டு ஆராய்வது, துயரப் பதிவுகளாக மட்டும் படிக்கப்பெற்று வரும் அவற்றுள் மீட்சியின் குரலையும் கேட்க உதவும்.