ஆபுத்திரன் வரலாறும் தத்துக் குழந்தைக்குப் பிறப்புக்கதை சொல்லுதலும்

முன்னுரை

தத்தெடுக்கப்பட்ட குழந்தைக்கும் பெற்றோருக்கும் இடையே பிணைப்பை வளர்க்கக் கதை சொல்லும் முறை இன்று உளவியலாளரால் கையாளப்படுகிறது. டெனிஸ் லேச்சர், டாட் நிக்கோல்ஸ், ஜோவன் மே ஆகியோர் 2005இல் வெளியிட்ட ஆங்கில நூல் இம்முறையில் பயன்படும் கதைகளை வகைப்படுத்துகிறது. அவற்றுள் முதன்மையானதை 'உரிமைக்கதை' எனத் தமிழில் குறிக்கலாம். 'பிறந்த நாள்தொட்டு நீ எங்களிடம் இருந்திருந்தால் உன்னை எவ்வாறெல்லாம் பேணியிருப்போம்' என்று பெற்றோர் தம் வாயாற் சொல்லுவது அது. சாத்தனாரின் மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் இரு பிறவிகளிலும் பெறாதவரால் வளர்க்கப்பட்டவன். இரு பிறவிகளிலும் தன் பிறப்பைப் பிறர் சொல்லக் கேட்டவன். அவன் அதனை யார் வாயிலாகக் கேட்டான் என்பதே இக்கட்டுரையின் வினா.

எடுத்த நாளில் சொன்ன சொல்

வாரணாசி அந்தணன் அபஞ்சிகனின் மனைவி சாலி, நெறி தவறியபின் குமரியாட வரும் வழியில் பெற்ற மகவை இருளில் ஒரு தோட்டத்தில் விட்டு நீங்கினாள். ஏழு நாள் ஒரு பசு பாலூட்டிக் காத்தது. வயனங்கோட்டு இளம்பூதி மனைவியோடு அவ்வழி வந்து, குழந்தையின் அழுகுரல் கேட்டு, இது பசுவின் மகன் அன்று, தன் மகனே என்று கூறிக் கைதொழுது எடுத்தான். இதனினும் சுருக்கமான உரிமைக்கதை இருத்தல் அரிது. குழந்தையைக் காத்த பசுவை மறைக்காமலே அது குழந்தையை உரிமையாக்கிக்கொள்கிறது.

ஆயின் அச்சொல் மகனிடம் சொல்லப்பட்டதாகக் காப்பியத்தில் குறிப்பு இல்லை. இளம்பூதி மகனுக்கு மறை ஓதுவித்தான். கல்வியில் குறை வைக்கவில்லை. வளர்ந்த மகன் வேள்விப் பசுவை விடுவித்தபோது அந்தணர் அவனைப் பசுவின் மகன் என்றே இகழ்ந்தனர். தந்தை அன்று மறுத்த அதே சொல் இப்போது வசையாகத் திரும்புகிறது. மகன் அதற்கு விடை சொல்கிறான். ஆனால் அவ்விடை வீட்டிலிருந்து வரவில்லை. பசு, மான், புலி, நரி ஆகியவற்றின் வயிற்றிற் பிறந்த முனிவர்களைக் கற்ற நூலிலிருந்து எடுத்துக் காட்டுகிறான். அதன்பின் ஒருவன், சாலியே தன்னிடம் கூறியதெனச் சொல்லி, அவன் பிறப்பை ஊரறியப் போட்டுடைக்கிறான். பெற்றவள் கதை வழிப்போக்கன் ஒருவனின் உடைமையாக இருந்தது. அவன் அதனைப் படைக்கலமாக்கினான். தந்தையோ மகனை மனையினின்று நீக்கினான். அவ்விடத்தில் அவனுக்குச் சாத்தனார் ஒரு பேச்சும் தரவில்லை.

இதனைக் கதை சொல்லாமையின் விளைவு என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. இளம்பூதியைப் பணிய வைத்தது சாதித் தூய்மை பற்றிய அச்சம். வேள்வி மறுப்பும் பௌத்தக் காப்பியத்தின் நோக்கமே. முன்னரே கதை சொல்லியிருந்தாலும் ஊரின் இகழ்ச்சி நின்றிராது. ஆனால் மகனுக்கு நூற்சான்றோடு தந்தையின் சொல்லும் துணையாக இருந்திருக்கும்.

சாவகத்தில்

மறுபிறவியில் அவன் சாவக நாட்டில் பசுவயிற்றுப் பிறந்து, மகப்பேறில்லாத பூமிசந்திரன் மகனாக வளர்ந்து, புண்ணியராசன் என அரசாள்கிறான். பிறப்புண்மையை இம்முறை தாய் அமரசுந்தரி வாயிலாகக் கேட்டறிகிறான். துயரம் வரத்தான் செய்கிறது; அரசு துறக்கவும் எண்ணுகிறான். அப்போது அமைச்சன் சனமித்திரன் அவனுக்கு வேறொரு கதையை நினைவூட்டுகிறான்: அவன் வருமுன் பன்னிரண்டு ஆண்டு அந்நாடு மழையின்றி வாடியது, அவன் வந்தபின் வானம் பொய்க்கவில்லை, உயிர்கள் பசி அறியவில்லை. பிறப்பின் கதையை மறுக்காமல், அதனருகே வருகையின் கதையை வைப்பது இது. முன்னது பெற்றவளின் நிலையிலிருந்தும் பின்னது காத்திருந்தோர் நிலையிலிருந்தும் சொல்லப்படுகின்றன. தத்துக் குழந்தைக்கு இரண்டும் வேண்டும்.

தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

தமிழ்க் குடும்பங்களில் தத்து பற்றிய கதை ஒன்று முன்னரே விளையாட்டாக வழங்குகிறது. 'உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்' என்று குழந்தையைச் சீண்டாத மாமனோ அத்தையோ குறைவு. முன்பிறந்தவை இறந்த வீட்டில் பிறந்த குழந்தையைப் பிறரிடம் கொடுத்துத் தவிட்டுக்குத் திரும்பப் பெறும் பழைய வழக்கத்தின் எச்சம் அது. பிச்சை, குப்பை என்னும் பெயர்களும் அவ்வழிப்பட்டவை. கூற்றை ஏமாற்றிக் குழந்தையைக் காக்கும் அன்பு அதன் அடியில் உண்டு. தாம்பரத்திற்குத் தெற்கே கூடுவாஞ்சேரி போன்ற புறநகர்களில், வெளிமாவட்டங்களிலிருந்து குடியேறிய சிறு குடும்பங்களில், திருவிழாவுக்கு வரும் உறவினர் வாயில் இச்சொல் இன்றும் எழுகிறது. பெற்றெடுத்த குழந்தை சிணுங்கிவிட்டு மறந்துவிடும். தத்துக் குழந்தைக்கோ அது தன் உண்மையை அயலார் வாயிற் கேட்கும் முதல் தருணமாகிவிடலாம். வருகையின் கதையை முன்பே பலமுறை கேட்ட குழந்தை இச்சீண்டலுக்கு நிமிர்ந்து விடை சொல்லும்.

முதல் ஏடு இல்லாத கதை

தமிழக அரசு 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தின் வழி வந்த குழந்தைகள் பலருக்குப் பெற்றோர் பெயரே தெரியாது. அவ்வெற்றிடத்தை இனிய புனைவால் நிரப்பும் ஆசை வளர்ப்போருக்கு எழுவது இயல்பு. அது கூடாதென்பது இக்கட்டுரையாளர் கருத்து. புனைந்த தாய் ஒருநாள் பொய்யாவாள். இளம்பூதியின் சொல்லில் சாலி இல்லை. அவன் அறிந்தது அழுகுரலும் பசுவும் மட்டுமே; அவற்றிலிருந்தே அவன் தொடங்கினான். குழந்தையைக் கண்ட நாள், அன்று உடன்வந்தவர், அது உடுத்திருந்த ஆடை, வீட்டில் அதற்கென முன்னரே வாங்கி வைத்த பொருள் ஆகியவை பெற்றோர் உறுதியாக அறிந்தவை. கதை அங்கே தொடங்கலாம்.

2022ஆம் ஆண்டுத் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகள் வேர்தேடலை ஏற்கின்றன. பதினெட்டு வயது நிறைந்தவர் தாமே விண்ணப்பிக்கலாம். அதற்குக் குறைந்தவர் தத்தெடுத்த பெற்றோருடன் சேர்ந்தே விண்ணப்பிக்க வேண்டும். அந்த வயதில் பிறப்பின் கதை வெளியிலிருந்து வருமாயின், அதனைக் கேட்கும்போது பெற்றோரும் உடனிருப்பர். இளம்பூதி கோட்டைவிட்ட இடம் அது.