குறை பெண்ணிடம் மட்டுமா?

(இரண்டாமாண்டு விலங்கியல் மாணவன்)

சிறுமலையில் வாழ்க்கைப்பட்ட என் அத்தைக்குத் திருமணமாகிப் பதினோர் ஆண்டுகளாகக் குழந்தை இல்லை. அவர் ஏறாத கோயில் படி இல்லை. குடிக்காத கஷாயம் இல்லை. 'மலடி' என்ற சொல் மட்டும் ஓயவில்லை. மாமாவையும் சோதிக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த நான், இனப்பெருக்க மண்டலம் பற்றிய பாடத்தைக் கேட்ட அன்று அத்தையைத்தான் நினைத்தேன். குழந்தையில்லாத தம்பதியருள் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆணின் குறையும் ஒரு காரணமாக இருக்கிறது என்பது மருத்துவர்கள் கண்ட உண்மை.

இல்லையா, வரவில்லையா?

விந்தணுக்கள் விந்தகத்தின் நுண்குழல்களில் உருவாகின்றன. அதற்கு ஏறத்தாழ 70 நாட்கள் ஆகும். பின்னர் அவை விந்தகமேல் சுருள்குழலில் முதிர்ந்து, விந்து நாளத்தின் வழியே வெளிவருகின்றன. சிலருடைய விந்து நீரில் ஓர் அணுகூட இராது. இதனை 'அசூஸ்பெர்மியா' என்பர். இது இருவகைப்படும்.

முதல் வகை, அடைப்பு. கண்மாய் நிரம்பியிருந்தும் மடை அடைபட்டால் வயலுக்கு நீர் பாயாது அல்லவா? அதுபோல, அணுக்கள் உருவாகியும் வழியின்றித் தேங்குகின்றன. சுருள்குழலில் மெல்லிய ஊசியைச் செலுத்தி அவற்றை உறிஞ்சி எடுக்கலாம்.

இரண்டாம் வகை, உற்பத்திக் குறைவு. வறண்ட ஆற்றிலும் இடம் பார்த்து மணலைத் தோண்டினால் ஊற்று கிடைப்பதுண்டு. அவ்வாறே மருத்துவர் விந்தகத்தைத் திறந்து, நுண்ணோக்கியின் வழியே பார்த்து, பருத்து வெண்மையாகத் தெரியும் குழல்களை மட்டும் தேர்ந்தெடுக்கிறார். இம்முறையை நியூயார்க் மருத்துவர் பீட்டர் ஷ்லெகல் 1999-இல் விளக்கி எழுதினார். சுமார் பாதிப் பேரிடமே அணு கிடைக்கிறது. ஒய் குரோமோசோமில் சில பகுதிகள் விடுபட்டிருந்தால் தேடிப் பயனில்லை. வேறு சில விடுபடல்கள் பிறக்கும் மகனுக்கும் செல்லும். ஆகவே முன்னதாக மரபணுச் சோதனை வேண்டும்.

ஓர் அணுவே போதும்

தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1990-இல் சென்னையில், மருத்துவர் கமலா செல்வராஜின் முயற்சியால் பிறந்தது. அக்கால முறையில் ஒரு முட்டையைச் சுற்றி ஆயிரக்கணக்கான அணுக்களை விட வேண்டும். 1992-இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் பலெர்மோ குழுவினர், ஒரே அணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்திக் கருவுறச் செய்ததை வெளியிட்டனர். அதன் பின்னரே, அறுவையால் கிடைக்கும் சில அணுக்களுக்கும் பெரும் பயன் ஏற்பட்டது. இத்தகைய கருத்தரிப்புச் சிகிச்சை தரும் நிலையங்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்கிறது 2021-ஆம் ஆண்டுச் சட்டம்.

சென்ற ஆண்டு மாமா சோதனை செய்துகொண்டார். அவருக்கு அடைப்பு என்று தெரிந்தது. சிகிச்சைக்கான பணத்தை இன்னும் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். இருவரும் இசைந்த பின்னரே இதை எழுதுகிறேன். மாமாவும் தலைகுனிய வேண்டியதில்லை. அடைப்பு ஒரு நோய், பழியன்று. நண்பர்களே, நாளை நம் வீடுகளில் இப்பேச்சு எழுந்தால், முதற்சோதனை இருவருக்கும் வேண்டும் என்று சொல்வோம். படித்தவர் செய்யக்கூடிய சிறு கடமை அது.