வட முனைவை அண்டிய ஒரு விமானப் பயணம்: தூரமும் நேரமும்

வினா: நோர்வேயின் துரொம்சோ விமான நிலையம் வ. 69° 41', கி. 18° 55' இலும், சுவால்பார்ட் தீவுக்கூட்டத்தின் லோங்யேர்பியன் விமான நிலையம் வ. 78° 15', கி. 15° 28' இலும் உள்ளன. இவற்றுக்கிடையேயான வான்வழித் தூரத்தைக் காண்க. பயண நேரம் 1 மணி 40 நிமிடமாயின் சராசரிக் கதி யாது? (அகலக்கோட்டு வித்தியாசம் 1° = 111 கி.மீ.; கோசைன் 74° = 0.2756)

மாணவர்கள் புள்ளிகளை இழப்பது பெரும்பாலும் நெடுங்கோட்டில்தான். 1° நெடுங்கோட்டு வித்தியாசம் 111 கி.மீ. ஆக இருப்பது மத்திய கோட்டில் மாத்திரமே. நெடுங்கோடுகள் யாவும் முனைவுகளில் ஒன்றுசேர்வதால் வடக்கே செல்லச் செல்ல அவற்றின் இடைவெளி ஒடுங்கும். துரொம்சோவில் அது ஏறக்குறைய 38 கி.மீ.; லோங்யேர்பியனில் 23 கி.மீ. அளவே. வகுப்பறைச் சுவரிலுள்ள மேக்காற்றர் எறியப் படம் இதை மறைத்துவிடுகிறது. அப்படத்தில் இலங்கையைப் போலப் பல மடங்காகத் தோன்றும் சுவால்பார்ட், உண்மையில் பரப்பில் இலங்கையிலும் சற்றுச் சிறியது!

செய்கை:
அகலக்கோட்டு வித்தியாசம் = 8° 34' = 8.57°
வடக்குத் தூரம் = 8.57 × 111 = 951 கி.மீ.
நெடுங்கோட்டு வித்தியாசம் = 3° 27' = 3.45°
இரு நிலையங்களுக்கும் நடு அகலக்கோடு ஏறக்குறைய 74° ஆகும்.
மேற்குத் தூரம் = 3.45 × 111 × 0.2756 = 106 கி.மீ.

பைதகரசின் தேற்றப்படி,
தூரம் = √(951² + 106²) = 957 கி.மீ.

கோசைனால் பெருக்க மறந்தவருக்கு மேற்குத் தூரம் 383 கி.மீ. என்றும், விடை 1025 கி.மீ. என்றும் வரும். 68 கி.மீ. பிழை. புவி கோளமாயினும் இங்கு பைதகரசைப் பயன்படுத்தலாம். ஏனெனில் மேற்குத் தூரம் மிகச் சிறியது. முனைவைக் கடந்து செல்லும் நீண்ட பாதைகளுக்கு இம்முறை பொருந்தாது.

சராசரிக் கதி = 957 ÷ 1⅔ = 574 கி.மீ./மணி

ஜெற் விமானம் மணிக்கு 800 கி.மீ. பறக்குமே எனச் சிலர் கேட்பர். அது உயரத்தில் சீராகப் பறக்கும்போதுள்ள கதி. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லுதல், மேலெழுதல், இறங்குதல் ஆகியவற்றுக்கான நேரமும் பயண நேரத்தில் அடங்கும். குறுந்தூரப் பயணத்தில் இந்நேரம் பெரும் பங்கை எடுப்பதால் சராசரி வெகுவாகக் குறைகிறது. 800 கி.மீ. கதியிலேயே முழுத் தூரத்தையும் கணித்தால் 1.2 மணி வரும். இதனை 1 மணி 20 நிமிடம் என எழுதுவோர் பலர். 0.2 × 60 = 12 ஆகையால் அது 1 மணி 12 நிமிடமே.

இன்னுமொன்று: 1° க்கு 4 நிமிடம் என்ற விதிப்படி இரு இடங்களின் சூரிய நேரமும் ஏறத்தாழ 14 நிமிடம் வேறுபடும். ஆயினும் இதைப் பயண நேரத்திலிருந்து கழிக்கக்கூடாது. சுவால்பார்ட்டும் நோர்வேயின் நியம நேரத்தையே பின்பற்றுகிறது. துரொம்சோவில் பி.ப. 1.00 மணிக்குப் புறப்படும் விமானம் லோங்யேர்பியன் கடிகாரப்படி பி.ப. 2.40 க்குச் சேரும்.

பயிற்சி: எதிர்க்காற்றினால் சராசரிக் கதி 550 கி.மீ./மணி ஆகக் குறைந்தால் பயண நேரத்தைக் கிட்டிய நிமிடத்திற்குக் காண்க.
(விடை: 1 மணி 44 நிமிடம்)