வானத்தைப் பார்ப்போம்: அகத்திய நட்சத்திரம்



பெரட்டுக்குப் போக நாம் வெள்ளனே எழும்புகிறோம். பீலியில் தண்ணீர் பிடிக்க வெளியே வருகிறோம். அந்த நேரம் தெற்குப் பக்கம் ஒரு தரம் நிமிர்ந்து பார்த்திருக்கிறோமா? ஆவணி, புரட்டாசி விடியலில் அங்கே ஒரு வெள்ளை நட்சத்திரம் தனியாக நின்று மின்னும். அதுதான் அகத்திய நட்சத்திரம். கனோபஸ் என்றும் சொல்வார்கள். இரவு வானத்து நட்சத்திரங்களில் சிரியசுக்கு அடுத்தபடி பிரகாசமானது இதுவே.

சிவபெருமான் திருமணத்துக்கு எல்லோரும் வடக்கே கூடியதால் பூமி சாய்ந்ததாம். அதைச் சமன் செய்ய அகத்தியர் தெற்கே வந்தாராம். தெற்கே நிற்கும் நட்சத்திரத்துக்கு அவர் பெயர் பொருத்தம்தானே!

எப்போது பார்க்கலாம்?

ஓகஸ்ட் நடுவில் விடிய 5 மணிக்கு, தென்கிழக்கில் தாழ்வாகத் தெரியும். பதுளைப் பக்கம் இருப்பவர்களுக்கு நமுனுகுல மலைப் பக்கமிருந்து மேலே வரும். ஹப்புத்தளையில் தெற்கு திறந்து கிடப்பதால் இன்னும் முந்தியே தெரியும். ஒக்டோபர் நடுவில் அதே 5 மணிக்கு நேர் தெற்கில் உச்சத்தில் நிற்கும். பிறகு ஜனவரி வரை மழையும் முகிலும் மறைக்கும். பெப்ரவரி நடுவில் இரவு 9 மணிக்கும், மார்ச் நடுவில் 7 மணிக்கும் உச்சத்தில் இருக்கும். மே மாதம் பொழுது சாய்ந்ததும் தென்மேற்கில் இறங்கிவிடும். ஜூன் கடைசியிலும் ஜூலை தொடக்கத்திலும் சூரிய வெளிச்சத்தில் மறைந்திருக்கும்.

ஆகவே நமக்கு இரண்டு நல்ல காலம் உண்டு. ஒன்று, காய்ந்த காற்று வீசும் ஊவா சீசன் நாட்களின் விடியல். மற்றது, பெப்ரவரி, மார்ச் முன்னிரவு.

எப்படிக் கண்டுபிடிப்பது?

பெப்ரவரி இரவு 9 மணிக்குத் தெற்கு நோக்கி நில்லுங்கள். தலைக்கு மேலே மூன்று நட்சத்திரங்கள் ஒரே வரிசையில் இருக்கும். அந்த வரிசையை இடது கைப் பக்கமாகக் கீழே நீட்டினால் எல்லாவற்றிலும் பிரகாசமான சிரியஸ் வரும். இனி கையை நேராக நீட்டிப் பொத்திப் பிடியுங்கள். ஒரு பொத்திய கை சுமார் 10 பாகை. சிரியசிலிருந்து நேர் கீழே மூன்றரை கை இறங்கினால் அகத்தியர்! விடிவெள்ளி என்று நினைத்து ஏமாற வேண்டாம். விடிவெள்ளி கிழக்குப் பக்கம்தான் வரும், இவ்வளவு தெற்கே வராது.

ஏன் நேரம் மாறுகிறது?

பூமி தன்னைத் தானே சுற்றிக்கொண்டே சூரியனையும் சுற்றுவதால், எந்த நட்சத்திரமும் தினமும் சுமார் 4 நிமிஷம் முந்தி வரும். 15 நாளில் ஒரு மணித்தியாலம், ஒரு மாதத்தில் இரண்டு மணித்தியாலம். இதைப் புத்தகத்தை நம்பி ஏற்க வேண்டியதில்லை. லயத்து வாசலில் ஒரே இடத்தில் நின்று, நட்சத்திரம் கூரை மூலையைத் தொடும் நேரத்தைப் பிள்ளைகள் கொப்பியில் எழுதட்டும். 15 நாள் கழித்து மறுபடி பார்க்கட்டும். கணக்கு சரியாக வரும்.

பூமி உருண்டை என்பதற்கும் இது சாட்சி. நம்ம மலையில் மூன்று கை உயரத்துக்கு வரும் நட்சத்திரம், திருச்சியில் கொஞ்சம் தாழ்வாகத் தெரியும். நம்ம தேயிலை போய்ச் சேர்ந்த லண்டனில் ஒரு நாளும் தெரியாது!

இதன் தூரம் சுமார் 310 ஒளியாண்டு. இன்று நம் கண்ணில் படும் வெளிச்சம் 1700களின் தொடக்கத்தில் புறப்பட்டது. கோப்பித் தோட்ட வேலைக்கு நம் முன்னோர் இங்கே வரத் தொடங்கியது 1820களில். அதற்கும் நூறு வருஷம் முந்திய வெளிச்சம் இது.

பெற்றோர்களே, இந்தப் பாடத்துக்குக் காசும் வேண்டாம், கருவியும் வேண்டாம். "எனக்குப் படிப்பு இல்லை, பிள்ளைக்கு என்ன சொல்லிக் கொடுப்பேன்?" என்று நம்மில் பலர் சொல்கிறோம். வெள்ளனே எழும்பும் அம்மாவுக்குத்தான் இந்த நட்சத்திரம் முதலில் தெரியும். ஒரு நாள் பிள்ளையையும் எழுப்பிக் காட்டுங்கள். தனியாக அனுப்பாமல், டோர்ச் எடுத்துக்கொண்டு, கானும் சரிவும் இல்லாத இடத்தில் சேர்ந்து நின்று பாருங்கள்.